மருந்தைச் சுமந்து செல்லும் திரவம் எது?

பெங்களூருக்குப் பிழைப்புத் தேடி வரும் தமிழ் இளைஞர்களிடையே நெடுநாளாக ஒரு புகார் இருந்து வருகிறது. ஊரில் இருந்தவரை அடர்த்தியாக இருந்த தலைமுடி, இங்கு வந்த இரண்டு வருஷத்தில் கொட்டிப் போய்விட்டது என்பதே அது. ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவை ஒட்டிய வீதிகளில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் குமாஸ்தாவைக் கேட்டாலும் சரி, பெங்களூரு கிழக்கு ரயில் நிலையத்தின் பக்கத்தில் பட்டறை வேலை பார்ப்பவரைக் கேட்டாலும் சரி, காரணமாக அவர்கள் சொல்வது "போர்வெல் தண்ணீர்" என்பதைத்தான்.

உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது; முடி முரடாகி நடுவில் ஒடியவும் செய்யும். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் நெற்றி ஏறுவதற்கும் உச்சி வெளுப்பதற்கும் தண்ணீர் காரணமல்ல. அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனிலிருந்து உடலில் உண்டாகும் ஒரு பொருள், பரம்பரைக் கூறு உள்ளவர்களின் மயிர்க்கால்களை மெல்ல மெல்லச் சிறுக்க வைக்கிறது. இருபது வயதைத் தாண்டும்போது இது தொடங்கலாம். ஊரை விட்டு வேலைக்கு வரும் வயதும் அதுவேயானதால், பழி வந்த ஊரின் தண்ணீர் மேல் விழுகிறது. கடும் காய்ச்சல், பிரசவம், சத்துக் குறைவு ஆகியவற்றுக்குப் பின் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிர்வது வேறு வகை. அது பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

காரணம் எதுவாயினும், மருந்துக் கடைக்குப் போனவர் கையில் வந்து சேர்வது பெரும்பாலும் மினாக்ஸிடில் என்ற தலையில் தடவும் திரவம். 60 மில்லி புட்டி ஒன்று. வேளைக்கு 1 மில்லி, நாளைக்கு இரு வேளை என்றால் ஒரு மாதத்துக்குச் சரியாக வரும். பலன் தெரிய நான்கு மாதமாவது தொடர்ந்து தடவ வேண்டும். மாதச் சம்பளக்காரர் ஒருவர் பல நூறு ரூபாயை மாதா மாதம் இதற்கென்று ஒதுக்குகிறார். இரண்டாவது மாதத்தில் தலை அரிக்கிறது. செதில் செதிலாக உதிர்கிறது. நெற்றியும் காதோரமும் சிவந்துவிடுகின்றன. "மருந்து நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று புட்டியைத் தூக்கி எறிந்துவிடுகிறார். பணமும் போயிற்று, நம்பிக்கையும் போயிற்று.

மருந்தா, கரைப்பானா?

பல சமயங்களில் ஒத்துக்கொள்ளாமல் போனது மருந்தே அல்ல. மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் திரவம். இந்த வித்தியாசத்தை வாங்குபவருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால், சிகிச்சையையே கைவிடாமல் புட்டியை மட்டும் மாற்றியிருக்கலாம்.

மினாக்ஸிடில் முதலில் தலைக்கான மருந்தாகவே வரவில்லை. அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனம் உயர் ரத்த அழுத்தத்துக்காக உருவாக்கிய மாத்திரை அது. 1979-ல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்றது. அதை விழுங்கியவர்களுக்கு முகத்திலும் கையிலும் முடி முளைத்ததைக் கண்ட பிறகே, அதைத் தலையில் தடவினால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. 1988-ல் 2 சதவீதத் திரவத்துக்கு அனுமதி கிடைத்தது. 1997-ல் 5 சதவீதத் திரவம் வந்தது.

மாத்திரையைத் திரவமாக்குவது எளிதான காரியமாக இருக்கவில்லை. மினாக்ஸிடில் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஒரு லிட்டர் தண்ணீரில் கரையக்கூடியது ஏறத்தாழ 2 கிராம்தான். 5 சதவீதத் திரவத்துக்கோ லிட்டருக்கு 50 கிராம் வேண்டும். ஆகவே ஆல்கஹாலையும், புரோப்பிலீன் கிளைக்கால் என்ற பிசுபிசுப்பான திரவத்தையும் சேர்க்க வேண்டியதாயிற்று.

இவ்விரண்டுக்கும் தனித்தனி வேலை உண்டு. தலையில் தடவியவுடன் ஆல்கஹால் ஆவியாகிப் போகிறது. மிஞ்சிய திரவத்தில் மருந்தின் செறிவு ஏறுகிறது. சுலபத்தில் ஆவியாகாத கிளைக்கால் அங்கேயே தங்கி, மருந்து வெள்ளைப் பொடியாக உறைந்துவிடாமல் காக்கிறது. அத்துடன் தோலின் மேலடுக்கைச் சற்றே இளக்கி, மருந்து உள்ளே இறங்க வழி விடுகிறது. ஊசி போன வழியில்தான் நூல் போகும். இங்கே ஊசி கரைப்பான், நூல் மருந்து. எத்தனை உயர்ந்த நூலானாலும் ஊசி சரியில்லையென்றால் துணியில் ஏறாது.

எண்ணெயோடு கலந்து தடவினால் சூடு தணியும் என்று எண்ணித் தேங்காய் எண்ணெயைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மினாக்ஸிடில் எண்ணெயில் நன்றாகக் கரையும் பொருளல்ல. தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்தாலும் மருந்து பொடியாகப் பிரிந்துவிடக்கூடும். இரண்டுமே காசைக் கரியாக்கும் வேலை.

ஐந்தில் அரை, இரண்டில் ஐந்தில் ஒன்று

தோலை இளக்கி வழி விடும் அதே குணம்தான் சிலருக்கு வினையாகிறது. புரோப்பிலீன் கிளைக்கால் சிலர் தோலில் எரிச்சலை உண்டாக்கும்; வேறு சிலருக்கு உண்மையான ஒவ்வாமையையே உண்டாக்கும். மினாக்ஸிடில் திரவத்தால் தோல் அழற்சி கண்ட 11 பேரைச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2002-ல் வெளியாயிற்று. அவர்களில் 9 பேருக்கு ஒவ்வாதிருந்தது கிளைக்கால். மினாக்ஸிடிலே ஒவ்வாதவர்கள் 4 பேர். சிலருக்கு இரண்டும் ஒவ்வவில்லை. பதினொரு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் குற்றவாளியை எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதை அது காட்டிவிட்டது. 2018-ல் அமெரிக்கத் தொடர்புத் தோல் அழற்சிச் சங்கம் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்ததும் இதே கிளைக்காலைத்தான்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் முதலில் வந்த 2 சதவீதத் திரவத்தில் ஆல்கஹால் 60 சதவீதம், கிளைக்கால் 20 சதவீதம். 5 சதவீதத் திரவத்தில் ஆல்கஹால் 30 சதவீதம், கிளைக்கால் 50 சதவீதம். அதாவது புட்டியில் பாதி கிளைக்கால். இரண்டிலிருந்து ஐந்துக்கு மாறும்போது மருந்து மட்டும் கூடுவதில்லை. கரைப்பானும் இரண்டரை மடங்காகிறது. "இரண்டு ஒத்துக்கொண்டது, ஐந்து எரிகிறது" என்று சொல்பவரின் அனுபவத்துக்கு இதுவே விளக்கமாக இருக்கலாம்.

பொறுத்துக்கொண்டால் பழகிவிடும் என்ற வீம்பும் கூடாது. புண்ணான, வெடித்த தோல் வழியே மருந்து வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்தில் கலக்கும். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கப் பிறந்த மருந்து என்பதை மறக்கலாகாது. படபடப்பு, நெஞ்சு வலி, தலைச்சுற்றல், கால் வீக்கம் கண்டால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதைத் தொடவே கூடாது.

அரிப்புக்கென்று தானாக வாங்கித் தடவும் களிம்பிலும் ஒரு பொறி உண்டு. ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றில் இதே புரோப்பிலீன் கிளைக்கால் சேர்ந்திருக்கிறது. கிளைக்கால் ஒவ்வாதவர் அதைத் தடவினால், நெருப்பை அணைக்க எண்ணெய் ஊற்றிய கதைதான்.

கிளைக்கால் இல்லாத தயாரிப்புகளும் இல்லாமலில்லை. 2006-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நுரை வடிவ மருந்தில் அது கிடையாது. கிளிசரினையோ பியூட்டிலீன் கிளைக்காலையோ கொண்டு தயாரிக்கும் முறையும் உண்டு. இந்தியக் கடைகளிலும் நுரை கிடைக்கிறது, விலைதான் கூடுதல். ஆனால் "கிளைக்கால் இல்லாதது" என்ற வாசகத்தைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதும் சரியல்ல. கிளைக்காலைக் குறைத்து ஆல்கஹாலைக் கூட்டியிருந்தால் தலை வறண்டு எரியலாம். மேலும், ஆல்கஹால் தீப்பற்றும் பொருள். தடவிய தலை உலரும் முன் பீடி பற்ற வைப்பதும், அடுப்பண்டை நிற்பதும், வெல்டிங் வேலையில் இறங்குவதும் ஆபத்து.

அட்டையில் இடமில்லையா?

"மருந்தின் அளவைச் சொல்லியாயிற்று, கரைப்பானைப் பற்றி மக்களுக்கு என்ன கவலை?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்த நாடு அந்தக் கேள்விக்கு விலை கொடுத்திருக்கிறது. 1972-ல் சென்னையில் குழந்தைகள் குடித்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கரைப்பானாக நுழைந்து உயிர்களைப் பறித்தது. 1986-ல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் அதே விஷம் இருந்து 14 பேர் மாண்டனர். 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையொன்றில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தால் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் மாண்டபோதும், மருந்தில் கண்டுபிடிக்கப்பட்டது அதே டைஎத்திலீன் கிளைக்கால்தான்.

தலைக்குத் தடவும் திரவத்தையும் இந்த மரணங்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. தூய புரோப்பிலீன் கிளைக்கால் விஷமல்ல; மருந்துகளிலும் அழகுப் பொருள்களிலும் முறைப்படி அனுமதிக்கப்பட்டது. பெயர் ஒத்திருப்பதால் பீதி கொள்ளத் தேவையில்லை. ஆனால் ஒரு பாடம் பொதுவானது. மருந்தைச் சுமக்கும் திரவத்தை "வெறும் சேர்மானம்" என்று அலட்சியம் செய்யும் மனப்பான்மை எங்கே உண்டோ, அங்கே நோயாளிக்குத் தீங்கு வர வழியும் உண்டு.

ஆகவே செய்ய வேண்டியவை சில உண்டு. தலையில் தடவும் ஒவ்வொரு திரவத்தின் அட்டையிலும் கரைப்பான்களின் பெயரும் சதவீதமும் மருந்தின் பெயருக்குக் கொடுக்கும் அதே அளவு எழுத்தில் அச்சிடப்பட வேண்டும். "பேஸ்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்வதை அனுமதிக்கலாகாது. பெங்களூரு போன்ற பல மொழி நகரத்தில் கன்னடத்திலும் தமிழிலும் ஓர் எச்சரிக்கைத் துண்டு வைப்பதால் கம்பெனிகளுக்குப் பெரும் நஷ்டம் வந்துவிடாது. கடைக்காரர்களும் "எது வேகமாக விற்கிறது" என்பதோடு நில்லாமல், "இதற்கு முன் எந்தத் திரவம் அரித்தது" என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு. புதுப் புட்டியைத் தலையில் தடவுமுன் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவை நாளைக்கு இரு முறை, ஒரு வாரம் தடவிப் பார்க்கலாம். சிவந்து அரித்தால் தலைக்கு வேண்டாம். தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாக உதிர்வது மருந்து வேலை செய்வதன் அறிகுறியாகவும் இருக்கலாம். அதை ஒவ்வாமையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அரிப்பும் சிவப்பும் கண்டால்தான் நிறுத்த வேண்டும். நிறுத்திய பின் காலிப் புட்டியை எறிந்துவிடாமல் தோல் மருத்துவரிடம் எடுத்துப் போக வேண்டும். ஒவ்வாதது மருந்தா, கரைப்பானா என்பதை முதுகில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனையால் அவர் கண்டறிய முடியும். ரிச்சர்ட்ஸ் டவுன்வாசிகளுக்குச் சிவாஜி நகர் பௌரிங் அரசு மருத்துவமனை எட்டாத தூரத்தில் இல்லை. இ.எஸ்.ஐ. சந்தா கட்டும் தொழிலாளர்களுக்கு இந்திரா நகரில் அவர்களுக்கான மருத்துவமனையே இருக்கிறது.

முடி கொட்டுவது உயிர் போகும் வியாதியல்லதான். ஆனால் பெண் பார்க்கப் போகும் இடத்திலும், வேலைக்கு நேர்முகத் தேர்விலும் தலையைத் தடவிக்கொண்டு கூசி நிற்கும் இளைஞனுக்கு அது சிறிய விஷயமல்ல. வியர்வை சிந்திச் சம்பாதித்த பணத்தைக் கொடுத்து வாங்கும் புட்டியில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும் திரவம் எது என்று தெரிந்துகொள்ள அவனுக்கு உரிமை உண்டு. அந்தப் பெயரை அட்டையில் தெளிவாகப் போட வைப்பது அரசின் கடமை.