பிரேக் மாற்ற பாஸ்வேர்டு எதற்கு?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் காருக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? வேலை இருக்கிறது. மேஜை மேல் இருப்பது மட்டும்தான் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என்று நினைத்தால், வாசலில் நிற்கும் காரை மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இன்றைய காரில் இஞ்சினுக்கு ஒரு கன்ட்ரோல் யூனிட், ஏர்பேக்குக்கு ஒன்று, ஏ.பி.எஸ். பிரேக்குக்கு ஒன்று என்று பல இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பிராசசர், மெமரி, சாஃப்ட்வேர் எல்லாம் உண்டு. ஆபீசில் கம்ப்யூட்டர்களை நெட்வொர்க் செய்வதுபோல, 1986ம் ஆண்டு பாஷ் கம்பெனி அறிமுகம் செய்த கேன் என்ற முறையில் இவை ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கின்றன.

இதனால் நமக்கு நிறைய வசதிகள் கிடைத்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் தேய்ந்துபோன ஒரு பிரேக் பேடை மாற்றுவதற்குக்கூட சாஃப்ட்வேரின் அனுமதி வேண்டும் என்ற நிலை வந்திருக்கிறது. அந்த அனுமதி யார் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. கார் வாங்கியவர் கையில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

லீவர் போய் பட்டன் வந்தது

பழைய கார்களில் ஹேண்ட் பிரேக் என்பது இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு லீவர். அதை இழுத்தால் ஒரு கேபிள் இழுபட்டு, பின் சக்கரங்கள் பிடித்துக்கொள்ளும். சாஃப்ட்வேர் எதுவும் கிடையாது. 2001ம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ் போன்ற விலையுயர்ந்த கார்களில் இந்த லீவருக்குப் பதிலாக ஒரு பட்டன் வந்தது. இதற்குப் பெயர் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக். இன்று நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் ஹூண்டாய் கிரெட்டா, மஹிந்திரா எக்ஸ்.யூ.வி.700, டாடா ஹாரியர் போன்ற கார்களின் உயர் மாடல்களிலும் இது வந்துவிட்டது.

இது எப்படி வேலை செய்கிறது? பெரும்பாலான கார்களில், பின் சக்கர பிரேக் கேலிப்பர் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் மோட்டார் சுற்றும். அது பல் சக்கரங்கள் வழியாக ஒரு திருகுத் தண்டைச் சுழற்றும். தண்டில் உள்ள நட் முன்னால் நகர்ந்து, பிஸ்டனை உள்ளிருந்து தள்ளும். பிஸ்டன் பேடைத் தள்ள, பேட் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும். பேட் இறுகும்போது மோட்டார் இழுக்கும் கரண்ட் அதிகமாகும். அந்த அளவைப் பார்த்துத்தான் "போதும், நிறுத்து" என்று கன்ட்ரோல் யூனிட் கட்டளை இடுகிறது. நல்ல இஞ்சினியரிங்தான்.

பேட் தேய்ந்தால்?

பேட் என்பது தேய்வதற்காகவே செய்யப்பட்ட பொருள். அது தேயத் தேய, பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து நிற்கும். புதுப் பேட் தடிமனாக இருக்கும். அதைப் பொருத்த இடம் வேண்டுமென்றால் பிஸ்டனைத் திரும்ப உள்ளே தள்ள வேண்டும். ஆனால் பின்னால் அந்த நட் நிற்கிறதே! அது பின்வாங்கினால்தான் பிஸ்டன் உள்ளே போகும். நட் முழுவதுமாகப் பின்வாங்க வேண்டும் என்றால் மோட்டாருக்குக் கட்டளை போக வேண்டும். இந்தக் கட்டளைக்குப் பெயர்தான் சர்வீஸ் மோட்.

சர்வீஸ் மோட் போடாமல் கிளாம்ப் வைத்து பிஸ்டனை அமுக்கினால் திருகுத் தண்டோ, பல் சக்கரமோ, மோட்டாரோ கெட்டுப்போகும். அதைவிட மோசமான ஆபத்தும் உண்டு. பல கார்களில் இஞ்சினை ஆஃப் செய்தாலே இந்த பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். கேலிப்பருக்குள் விரல் இருக்கும் நேரத்தில் மோட்டார் சுற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எனவே சர்வீஸ் மோட் என்பது ஆடம்பரமல்ல, அவசியம்.

பழங்காநத்தத்தில் ஒரு கேள்வி

என் சித்தப்பா திருமங்கலத்தில் இருக்கிறார். வேலைக்காக தினமும் நான்கு வழிச்சாலையில் விருதுநகர் போய் வருபவர். வாரன்டி முடிந்த அவருடைய காரில் பின் பிரேக் பேட் தேய்ந்து கிறீச்சிட ஆரம்பித்தது. இருபது வருடமாக அவர் வண்டி விடும் மெக்கானிக் மதுரை பழங்காநத்தத்தில் இருக்கிறார். காரை அங்கே கொண்டு போனோம். புதுப் பேட் கையில் இருந்தது. ஜாக்கி, ஸ்பேனர், அனுபவம் எல்லாம் இருந்தது. ஆனால் அவரிடம் இருந்த ஸ்கேனர் அந்தக் காரின் பிரேக் யூனிட்டுக்குள் போகவில்லை. என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க கம்ப்யூட்டர் படிச்சவருதானே? இதை எப்படித் திறக்குறது?" என்று கேட்டார்.

டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் மாட்டும் ஒரு சின்ன புளூடூத் அடாப்டர் என்னிடம் உண்டு. அதை மாட்டி என் மொபைலோடு இணைத்தேன். இஞ்சின் வேகம், கூலன்ட் வெப்பநிலை எல்லாம் திரையில் வந்தன. பிரேக் யூனிட் மட்டும் பதில் சொல்லவில்லை. காரணம் இதுதான். ஓ.பி.டி. என்பது புகை மாசைக் கட்டுப்படுத்த வந்த ஏற்பாடு. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமாகி, பிறகு இங்கும் வந்தது. சட்டப்படி எல்லோருக்கும் புரியும் மொழியில் பேச வேண்டியது புகை சம்பந்தப்பட்ட தகவல் மட்டும்தான். பிரேக் யூனிட் பேசுவது ஒவ்வொரு கம்பெனியின் சொந்த மொழி. பல கம்பெனிக் கார்களுக்கும் பொதுவான ஸ்கேனர்கள் விற்கின்றன, உண்மைதான். அவற்றின் விலையையும் வருடா வருடம் கட்ட வேண்டிய அப்டேட் கட்டணத்தையும் ஒரே ஒரு கார் நிறுத்த இடம் உள்ள பட்டறை தாங்காது.

மெக்கானிக் சித்தப்பாவிடம் சொன்னார்: "அண்ணே, மோட்டாரைக் கழட்டி, தண்டைக் கையால சுத்தி உள்ள தள்ளிரலாம். சில பேரு அப்படித்தான் செய்றாங்க. ஆனா இது பிரேக்குண்ணே. நாளைக்கு ஒண்ணுன்னா எனக்குத் தூக்கம் வராது. கம்பெனி சர்வீசுக்கே கொண்டு போயிருங்க."

கையில் வந்த வேலையை, நேர்மையாக இருந்ததால் அவர் இழந்தார். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் நான்கு நாள் கழித்துத்தான் இடம் கிடைத்தது. அதில் கம்ப்யூட்டர் செய்த வேலை சில நிமிடங்கள்தான். இந்த மெக்கானிக்கைப்போல மனசாட்சிக்குப் பயப்படாதவர்கள் என்ன செய்வார்கள்? பூட்டு போட்டதால் பாதுகாப்பு கூடியதா, குறைந்ததா?

ஒரு கம்ப்யூட்டர் உதாரணம்

இதைப் படிக்கும் பலர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள். உங்களுக்கு ஒரு உதாரணம். முழுப் பணமும் கொடுத்துக் கம்ப்யூட்டர் வாங்குகிறீர்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை மட்டும் கடைக்காரர் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். கீபோர்டு கெட்டுப்போய் புதிது மாட்டினால், "என்னிடம் கொண்டு வாருங்கள், நான் பாஸ்வேர்டு போட்டால்தான் வேலை செய்யும்" என்கிறார். ஒத்துக்கொள்வீர்களா? கம்ப்யூட்டரில் ஒத்துக்கொள்ளாததைக் காரில் மட்டும் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்?

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. 2025ம் ஆண்டு அமெரிக்காவில் ஹூண்டாய் ஐயோனிக் 5 என் என்ற எலக்ட்ரிக் கார் வைத்திருந்த ஒருவர், பின் பிரேக் பேடைத் தானே மாற்றப் போய், கம்பெனி சாஃப்ட்வேருக்குச் சந்தாவும் பதிவும் தேவை என்று நின்றது பெரிய விவாதமானது.

"பாதுகாப்புக்காகத்தானே?"

கம்பெனிகள் சொல்லும் முக்கியமான பதில் இது. இதில் நியாயம் இருக்கிறது. 2015ம் ஆண்டு சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கி காரை எங்கோ உட்கார்ந்துகொண்டு இன்டர்நெட் வழியாகக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். அதன் பிறகு ஃபியட் கிரைஸ்லர் கம்பெனி 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து சாஃப்ட்வேரைச் சரி செய்தது. நானும் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன்தான். பிரேக்கின் கட்டளைகளை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று திறந்துவிடச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இங்கே இரண்டு விஷயங்களைக் குழப்பக்கூடாது. எங்கோ இருந்து நெட்வொர்க் வழியாக நுழைபவன் வேறு. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, நிற்கும் காருக்குள் உட்கார்ந்திருப்பவர் வேறு. கார் நிற்கிறதா, சாவி உள்ளே இருக்கிறதா, பிரேக் பெடல் மிதிக்கப்பட்டிருக்கிறதா என்ற மூன்றும் கன்ட்ரோல் யூனிட்டுக்கு ஏற்கெனவே தெரியும். மூன்றும் சரியாக இருந்தால் சர்வீஸ் மோடுக்குப் போக அனுமதிப்பதில் எந்த ஹேக்கருக்கும் லாபம் இல்லை. புது சாவி பதிவு செய்வது, கன்ட்ரோல் யூனிட்டின் சாஃப்ட்வேரையே மாற்றுவது போன்றவற்றுக்குப் பூட்டு இருக்கட்டும்.

இது நடக்காத கற்பனை அல்ல. மஸ்டா, ஹோண்டா கம்பெனிகளின் சில மாடல்களில் பெடலையும் பார்க்கிங் பிரேக் பட்டனையும் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினாலே சர்வீஸ் மோட் வந்துவிடும். எந்த ஸ்கேனரும் வேண்டாம். அவர்களால் முடியும் என்றால் மற்றவர்களாலும் முடியும். மனசுதான் வேண்டும்.

சட்டம் எந்தப் பக்கம்?

நம் நாட்டில் இந்த வழக்கு ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2011ம் ஆண்டு வந்த ஒரு புகாரை விசாரித்த இந்திய போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அவற்றை வெளிச் சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும், வெளியில் ரிப்பேர் செய்தார் என்பதற்காக மட்டும் வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்றும் ஆணையம் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2016 டிசம்பரில் டொயோட்டா, ஃபோர்டு, நிசான் வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தைக் குறைத்தது; ஆனால் விதிமீறல் நடந்தது என்பதை ஏற்றது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012ம் ஆண்டு மக்களே ஓட்டுப் போட்டு, கார் ரிப்பேர் தகவல்களை வெளி மெக்கானிக்குகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கொண்டு வந்தார்கள். நம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்காக ஒரு வெப்சைட்டைத் தொடங்கியது. அதில் கார்களும் ஒரு பிரிவு. நல்ல தொடக்கம். ஆனால் ரிப்பேர் மேனுவலை மட்டும் கொடுத்து சர்வீஸ் மோடைக் கொடுக்காவிட்டால், சமையல் குறிப்பைக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பூட்டியது போலத்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள கார் வைத்திருந்தால், அதன் மேனுவலில் சர்வீஸ் மோட் அல்லது மெயின்டனன்ஸ் மோட் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, பேட் மாற்றக் கொடுக்கும் முன் மெக்கானிக்கிடம், "இந்த மாடலுக்குப் பின் பிரேக் சர்வீஸ் மோட் போட ஸ்கேனர் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் "எப்படியாவது செய்து கொடுங்கள்" என்று வற்புறுத்தாதீர்கள்.

மூன்றாவது, வேலை நடக்கும்போது முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும். பார்க்கிங் பிரேக் எடுக்கப்பட்டிருப்பதால் கார் உருளலாம். பேட்டரியில் நல்ல சார்ஜ் இருக்க வேண்டும். பார்க்கிங் பிரேக் பட்டனை யாரும் தொடக்கூடாது. இரண்டு பின் சக்கரங்களுக்கும் சேர்த்தே பேட் மாற்ற வேண்டும். முடிந்ததும் சர்வீஸ் மோடிலிருந்து வெளியே வந்து, பெடலைப் பல முறை மிதித்து இறுகுகிறதா என்று பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

நான்காவது, புதுக் கார் வாங்கப் போகிறீர்களா? ஷோரூமில் மைலேஜ் கேட்பதோடு, "பின் பிரேக் பேடை வெளி மெக்கானிக் மாற்ற முடியுமா?" என்றும் கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால், எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ரிப்பேர் விஷயத்தில் அலைக்கழிக்கப்பட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனில் புகார் செய்யலாம்.

இன்று பிரேக் பேட். நாளை வாஷிங் மெஷின் பெல்ட், ஃபிரிட்ஜ் கதவு ரப்பர், உங்கள் லேப்டாப்பின் பேட்டரி. தேயும் பொருள் எதுவாக இருந்தாலும், அதை மாற்றுவதற்குக் காசு கொடுத்து வாங்கியவர் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கக்கூடாது. கம்பெனிகள் பூட்டு போடட்டும். சாவியில் ஒன்றை நமக்கும் கொடுக்கட்டும்.