அறுபத்திரண்டரை என்பது என்ன சொல்?

தமிழ்த் திரைப்படம் பற்றிய எந்தப் பேச்சிலும் ஓர் எண் தவறாமல் வந்து சேரும்: 62.5. 1977இல் வெளியான பாரதிராஜாவின் முதல் படமான ‘16 வயதினிலே’க்கு ஆனந்த விகடன் நூற்றுக்கு வழங்கிய மதிப்பெண் அது. அடுத்த ஆண்டு வந்த மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ 61 பெற்றது. 1979இல் ‘உதிரிப்பூக்கள்’ 60. 1987இல் ‘நாயகன்’ 60. இந்த எண்களை மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடியவர்கள் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள்.

அவர்களிடம் இன்னொரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அந்த விமர்சனங்கள் என்ன சொல்லின? சப்பாணியின் பாத்திரப்படைப்பைப் பற்றி என்ன கருத்து? பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவைப் பற்றி? ‘உதிரிப்பூக்க’ளின் இறுதிக் காட்சியைப் பற்றி? மௌனம்தான் பதில். எழுதியவர் உழைத்து எழுதிய பத்திகள் அனைத்தும் உதிர்ந்துவிட்டன. அவற்றின் அடியில் சிறு கட்டத்துக்குள் அச்சான எண் மட்டும் நாற்பது ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. மதிப்பெண்ணுக்கு எதிரான என் தரப்பை இங்கிருந்தே தொடங்க விரும்புகிறேன். அந்த எண் தவறானதா என்பது இரண்டாம் கேள்வி. அது தன்னைத் தாங்கி வந்த விமர்சனத்தைத் தின்றுவிடுகிறது என்பதே முதன்மையான குற்றச்சாட்டு.

முதலில் அந்த அரை மதிப்பெண்ணைப் பார்ப்போம். ‘முள்ளும் மலரும்’ படத்தைவிட ‘16 வயதினிலே’ ஒன்றரை மதிப்பெண் உயர்ந்தது என்கிறது கணக்கு. எதில் ஒன்றரை? இளையராஜாவின் இசையிலா, நடிப்பிலா, கிராமத்தைக் கண்ட பார்வையிலா? காளியின் முரட்டுப் பாசத்தையும் மயிலின் ஏமாற்றத்தையும் எந்தத் தராசில் வைத்தால் இடையே ஒன்றரை அலகு மிச்சம் விழும்?

1946இல் எஸ்.எஸ்.ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் அளவைகளை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினார். பேருந்துத் தடத்தின் எண் ஒருவகை; அது வெறும் பெயர். ஓட்டப் பந்தயத்தில் முதலாவது, இரண்டாவது என்பது இன்னொரு வகை. அங்கே வரிசை உண்டு, ஆனால் முதல்வருக்கும் இரண்டாமவருக்கும் இடையே உள்ள தூரம் தெரியாது. வெப்பமானியின் பாகைகளில் தூரமும் உண்டு. நீளத்திலும் எடையிலும் தூரத்தோடு உண்மையான பூஜ்யமும் உண்டு. எனவே இரண்டு கிலோ என்பது ஒரு கிலோவைப் போல இருமடங்கு என்று சொல்ல முடியும். விமர்சகரின் மதிப்பெண் மிஞ்சிப்போனால் இரண்டாம் வகை. இது அதைவிட எனக்குப் பிடித்தது என்பதற்கு மேல் அதனால் எதையும் சொல்ல இயலாது. ஆனால் அது தசமப் புள்ளியோடு, தராசின் வேடத்தில் வந்து நிற்கிறது.

அப்படியானால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லையா? இருந்தது. அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரசியமானது.

அது வந்த இடம் நம் தேர்வுத்தாள். தமிழ்நாட்டுப் பள்ளியில் 35 எடுத்தால் தேர்ச்சி. கல்லூரியில் 60 எடுத்தால் முதல் வகுப்பு. எழுபதுகளில் விகடனைப் புரட்டிய ஒவ்வொருவரும் இந்த எல்லைகளை அறிந்தவர். தம் உடன்பிறந்தோரின் எதிர்காலம் இந்த எல்லைகளின் இருபுறமும் ஊசலாடியதைக் கண்டவர். எனவே ஒரு படத்துக்கு 38 என்றால் ‘தட்டுத்தடுமாறித் தேறியது’ என்றும், 60 என்றால் ‘முதல் வகுப்பு’ என்றும் உடனே விளங்கியது. நூற்றில் 40 போயிற்றே என்று எவரும் வருந்தவில்லை. எண்ணின் தோற்றத்தில் வந்தாலும், அது ஒரு சமூகம் தன் அனுபவத்தால் பொருள் ஏற்றி வைத்திருந்த சொல்.

சொல் என்பதால்தான் அது ஊருக்கு ஊர் வேறுபடும். ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்கர் 1978 முதல் திராட்சை மதுவுக்கு நூற்றுக்கு மதிப்பெண் தரும் முறையைப் பரப்பினார். அவரது அளவை 50இல்தான் தொடங்கும்; அங்கே 60 வாங்கிய புட்டியை எவரும் விருந்தில் வைக்க மாட்டார்கள். ‘ராட்டன் டொமேட்டோஸ்’ தளத்தில் 60 விழுக்காடு என்றால், பத்து விமர்சகர்களில் ஆறு பேர் படத்தை ஏற்றார்கள் என்று பொருள். எவ்வளவு ஏற்றார்கள் என்பதை அது சொல்லாது. ஆறு பேரும் ‘பரவாயில்லை’ என்று முணுமுணுத்திருக்கலாம். ‘நாயக’னின் 60, பார்க்கரின் 60, தக்காளித் தளத்தின் 60 ஆகிய மூன்றும் ஒரே வடிவில் எழுதப்படுகின்றன. மூன்றும் மூன்று மொழிகள்.

சொல் என்பதால்தான் அது காலத்தாலும் தேயும். அறுபது விழுக்காட்டோடு வீடு திரும்பும் பிள்ளையை இன்று எந்த அடையாறு இல்லத்தில் ஆரத்தி எடுத்து வரவேற்பார்கள்? தொண்ணூறுக்குக் கீழே எதுவும் துக்கச் செய்தி. அந்த 62.5ஐ இன்று முதன்முறையாகக் காணும் இருபது வயது இளைஞர், ‘சுமாரான படம் போலும்’ என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த எண்ணைப் புரியவைக்க நாம் அவருக்குச் சில வாக்கியங்கள் சொல்லியாக வேண்டும். வாக்கியங்களின் துணையின்றி நிற்க முடியாத எண்ணை, வாக்கியங்களுக்கு மாற்றாக எப்படி ஏற்பது? இன்னொன்றும் நினைவுகூரத் தக்கது. மதிப்பெண்ணின் தாயகமான பள்ளிக் கல்வித் துறையே 2017இல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. பிள்ளைகளுக்கு ஒவ்வாது என்று விலக்கிய பழக்கத்தைக் கலைகளுக்கு மட்டும் ஏன் வைத்திருக்கிறோம்?

தரம் பிரிப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் நகரத்தின் சங்கீத உலகத்தையே எடுத்துக்கொள்வோம். கடற்கரைச் சாலையில் இருக்கும் வானொலி நிலையத்தில் பாட வேண்டுமென்றால் குரல் தேர்வு உண்டு. பி.வி.கேஸ்கர் மத்திய அமைச்சராக இருந்த ஐம்பதுகளில் நிலைபெற்ற முறை அது. பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் தருவார்கள். சபாக்களிலும் நண்பகல் கச்சேரி, மாலைக் கச்சேரி என்ற வரிசை கலைஞரின் படிநிலையைச் சொல்லாமல் சொல்லும். இந்தத் தரங்களுக்குத் தெளிவான பொருள் உண்டு. சன்மானமும் நேர ஒதுக்கீடும் அவற்றைச் சார்ந்தவை. அவை நிர்வாகத்தின் கருவிகள். ஆனால் மார்கழியில் தோடி கேட்டுவிட்டு மியூசிக் அகாடமியின் படியிறங்கும் ரசிகர், ‘இன்றைய ஆலாபனை நூற்றுக்கு எழுபத்தொன்று’ என்று சொல்லிக் கேட்டதுண்டா? எங்கே காந்தாரம் நின்றது, எந்தச் சங்கதி அவசரப்பட்டது, நிரவலில் எந்தச் சொல் சிதைந்தது என்பதைத்தான் பேசிக்கொண்டு போவார். நிர்வாகிக்குத் தரம் தேவை. ரசிகருக்குக் காரணம் தேவை.

அதே ஆனந்த விகடனில், மதிப்பெண் கட்டத்துக்குப் பல பத்தாண்டுகள் முன்பு, கல்கி ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் இசை, நாட்டிய விமர்சனம் எழுதினார். பின்னாளில் சுப்புடு எழுதினார். இருவருக்கும் எண் தேவைப்படவில்லை. சுப்புடுவின் பேனாவுக்கு வித்வான்கள் அஞ்சினார்கள் என்றால், அஞ்சியது அவரது வாக்கியத்துக்கு. அவரோடு உடன்படாதவரும் சண்டையிட முடிந்தது. அங்கே பற்றிக்கொள்ள ஒரு கூற்று இருந்தது. 42 என்ற எண்ணோடு எப்படிச் சண்டையிடுவது? ‘இல்லை, 47’ என்று சொல்லலாம். அதற்குப் பெயர் விவாதமன்று, பேரம்.

இலக்கியத்தில் இந்தச் சிக்கல் வேறு உருவில் வந்ததை இங்கு வாசிப்பவர்கள் அறிவார்கள். க.நா.சு. பட்டியல் போட்டார். இவர்கள் முக்கியமானவர்கள், இவை படிக்க வேண்டியவை என்று பெயர்களை நிறுத்தினார். தம் ரசனையை முன்வைத்து வாசகரை நூலை நோக்கித் தள்ளுவதே அவர் எண்ணம். சி.சு.செல்லப்பாவுக்கு அது போதவில்லை. படைப்பைப் பிரித்து அலசி, ஏன் என்று காட்ட வேண்டும் என்றார். 1959இல் திருவல்லிக்கேணியிலிருந்து தொடங்கிய ‘எழுத்து’ அந்த முனைப்பின் விளைவு. இருவரில் யார் பக்கம் என்ற சண்டை தீரப்போவதில்லை. ஆனால் பட்டியல் போட்ட க.நா.சு.கூட நாவல்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று இடவில்லை. பட்டியல் ‘படித்துப் பார்’ என்கிறது. மதிப்பெண்ணோ ‘படித்தாயிற்று, முடிவு இது’ என்கிறது. ‘உதிரிப்பூக்க’ளுக்குத் தூண்டுதலாக அமைந்தது புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’. படத்துக்கு 60 என்றால் கதைக்கு எவ்வளவு? கேள்வியின் அபத்தம் உடனே உறைக்கிறது. திரைப்படத்துக்குக் கேட்கும்போது மட்டும் உறைக்காமல் போனது பழக்கத்தால்.

மதிப்பெண்ணுக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு; அதைத் தாண்டிச் செல்வது நேர்மையாகாது. நம்முடையது சிறிய உலகம். எழுதுபவரும் எழுதப்படுபவரும் ஒரே விழாவில் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்பவர்கள். நம் அணிந்துரைகளைப் படித்தால் தமிழில் மோசமான கவிதைத் தொகுதி ஒன்றுகூட வெளியானதில்லை என்று நம்ப வேண்டியிருக்கும். ‘இன்னும் சற்றுக் கவனம் செலுத்தியிருக்கலாம்’ என்ற வாக்கியத்துக்குப் பின்னால் எந்தக் கோழையும் ஒளிந்துகொள்ளலாம். எண் இட வேண்டுமென்றால் ஒளிய முடியாது. 35ஆ, 55ஆ என்று சொல்லித்தான் தீர வேண்டும். விகடன் ‘சந்திரலேகா’ எடுத்த எஸ்.எஸ்.வாசனின் பத்திரிகை. அவரது ஸ்டுடியோவின் பெயரால்தான் அண்ணா மேம்பாலத்தை மக்கள் இன்றும் ஜெமினி என்கிறார்கள். திரைத்தொழிலோடு அவ்வளவு நெருங்கிய மரபிலிருந்து வந்த ஓர் இதழ், பெரிய நாயகர்களின் படங்களுக்கும் நாற்பதுகளில் மதிப்பெண் இட்டது துணிவுதான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தத் துணிவு எண்ணில் இருந்ததா, அதை வெளியிடத் தீர்மானித்த ஆசிரியரின் மனத்தில் இருந்ததா? மனத்தில் என்றால், அதே துணிவோடு ‘இந்தப் படம் தோற்றுவிட்டது, காரணம் இது’ என்று எழுதியிருக்கலாம். துணிவில்லாதவர் கையில் எண்ணும் வளைந்து கொடுக்கும். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் என்பதைப் போலப் பாதுகாப்பான மறைவிடம் வேறு ஏது? தயாரிப்பாளருக்கும் கோபமில்லை, வாசகருக்கும் புகாரில்லை. மேலும், விகடனின் மதிப்பெண் பின்னாளில் ‘விமர்சனக் குழு’ என்ற பெயரில் வந்தது. குழுவுக்கு முகமில்லை. முகமில்லாத தீர்ப்பை யாரிடம் போய்க் கேட்பது? கோழைத்தனத்துக்கு மருந்து கையொப்பமிட்ட வாக்கியம் ஒன்றே.

அந்தக் குழுவாவது படம் பார்த்துக் கூடிப் பேசிய சிலர். இன்று எண்கள் எங்கிருந்தோ திரண்டு வருகின்றன. மாட வீதிக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்துக்கு 3.9 நட்சத்திரம் இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் ரசம் அமிர்தம் என்று ஐந்து கொடுத்திருப்பார். இன்னொருவர் வண்டி நிறுத்த இடமில்லை என்று ஒன்று. மூன்றாமவருக்குக் கொண்டுவந்து கொடுத்த பையன் தாமதித்தான், எனவே இரண்டு. ரசத்தையும் வண்டியையும் தாமதத்தையும் கூட்டி வகுத்தால் கிடைப்பது எதன் சராசரி? வரிசையை மட்டும் குறிக்கும் எண்களைச் சராசரி எடுப்பதில் உள்ள பிழையை ஸ்டீவன்ஸ் அன்றே சுட்டினார். இங்கோ ஒரே வரிசைகூட இல்லை.

உணவகத்தோடு நின்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். 2007இல் தொடங்கி, 2013இல் அமேசான் வசமான ‘குட்ரீட்ஸ்’ வழியாக இதே நட்சத்திரங்கள் நாவல்களின் மேலும் முளைத்துவிட்டன. நந்தனம் புத்தகக் காட்சியில் நூலைக் கையில் எடுத்து, முதல் பக்கத்தைப் புரட்டாமல், கைபேசியில் நட்சத்திரத்தைத் தேடுகிறவர்களைக் காண்கிறோம். ஒரு நாவலுக்கு 4.2 என்று தெரிந்த பின் அவர் அறிந்தது என்ன? அதன் மொழி எத்தகையது, அது யாருடைய வாழ்வைச் சொல்கிறது, எந்த இடத்தில் பொய்யாகிறது? எதுவுமில்லை. ஆனால் அறிந்துகொண்டதாக ஒரு நிறைவு வந்துவிடுகிறது. அந்தப் போலி நிறைவுதான் ஆபத்து. கேள்வி கேட்கத் தொடங்கும் இடத்தில் அது கேள்வியை முடித்துவைக்கிறது.

தமிழில் விமர்சனம் ஏற்கெனவே மெலிந்த செடி. பெரும்பாலான நூல்கள் ஒரு நல்ல மதிப்புரைகூடப் பெறாமல் கிட்டங்கிகளில் உறங்குகின்றன. அந்நிலையில், காரணம் சொல்லும் பழக்கத்தை விட்டுவிட்டு எண் சொல்லும் பழக்கத்தை வளர்த்தால், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு நம் காலத்து நாவல்களைப் பற்றியும் சில எண்களே மிஞ்சும். இன்று 62.5ஐ நினைவில் வைத்துக்கொண்டு விமர்சனத்தை மறந்தவர்களாக நாம் நிற்பதைப் போல, அன்று 4.2ஐ வைத்துக்கொண்டு இன்னொரு தலைமுறை நிற்கும்.

எனவே விமர்சனம் எழுத முனையும் இளம் நண்பர்களிடம் ஒன்றுதான் கேட்பேன். உங்கள் மதிப்புரையிலிருந்து மதிப்பெண்ணை அழித்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். படைப்பு நன்றா, தீதா, எதனால் என்பது அப்போதும் விளங்கினால் அந்த எண் தேவையற்றது. விளங்கவில்லையென்றால் நீங்கள் இன்னும் விமர்சனத்தை எழுதவில்லை.