விகுதி இழந்த பட்டம்

உலகில் நிலைத்து நிற்கும் அரிய காரியங்களுட் பெரும்பாலன பலர் கூடிச் செய்தனவேயாம். ஆயினும், அவற்றாற் பிறக்கும் புகழ் மாத்திரம் கூட்டாக இருக்க விரும்புவதில்லை. நாள் செல்லச் செல்ல அஃது ஒருவர் தலைமேல் ஏறி அமர்ந்துவிடுகிறது. இஃது உலகவியற்கை என்று கூறி அமைவார் பலர். இயற்கையாயினும் நீதியாகுமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். அதற்கு எடுத்துக்காட்டாக, தமிழ்த் திரையிசையிற் பதின்மூன்றாண்டுகள் இரட்டைப் பெயரோடு விளங்கிய விசுவநாதன், இராமமூர்த்தி என்னும் இருவரது வரலாற்றை எடுத்துக்கொள்வாம்.

இவருள் மூத்தவர் டி. கே. இராமமூர்த்தி. 1922-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியிற் பிறந்தவர். பிடில் வித்துவான்கள் குடும்பத்தினர். மலைக்கோட்டைக் கோவிந்தசாமிப் பிள்ளை இவருடைய பாட்டனார். இளையவர் எம். எஸ். விசுவநாதன். 1928-ஆம் ஆண்டு பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியிற் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, கண்ணனூரில் நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்று, சினிமாக் கம்பெனியிற் சிறு வேலைகள் பார்த்து, ஆர்மோனியக் கலைஞராக உயர்ந்தவர். ஒருவர் குலவித்தையோடு வந்தார்; மற்றவர் செவிச்செல்வம் ஒன்றையே கொண்டு வந்தார். இருவரையும் ஒருங்கு சேர்த்தது சி. ஆர். சுப்பராமனுடைய வாத்தியக் குழு. 1952-இல் சுப்பராமன் காலமாக, அவர் முடிக்காது விட்ட வேலைகளை இவ்விருவரும் கூடி முடித்தனர். ‘தேவதாஸ்’ அவற்றுள் ஒன்று. அவ்வாண்டிலேயே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ என்னும் படத்தில் இருவர் பெயரும் இணைந்து வெளிவந்தன. மூத்தவர் பெயர் பின்னும் இளையவர் பெயர் முன்னுமாக அமைந்தது கவனிக்கத்தக்கது. அப்பின்னிடத்தில் இராமமூர்த்தி பதின்மூன்றாண்டுகள் நின்றார்.

அதன்பின் நிகழ்ந்ததை அன்பர்கள் அறிவார்கள். 1958-இல் ‘மாலையிட்ட மங்கை’, 1959-இல் ‘பாகப்பிரிவினை’, 1961-இல் ‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’, 1962-இல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, ‘ஆலயமணி’, 1964-இல் ‘காதலிக்க நேரமில்லை’, ‘புதிய பறவை’ எனப் பாட்டுக்குப் பேர்பெற்ற படங்கள் தொடர்ந்து வந்தன. சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸிற் பணிபுரிந்து வளர்ந்த கவிஞர் கண்ணதாசனின் சொற்களும் இவ்விருவர் மெட்டும் பிரிக்கவொண்ணாதபடி கலந்தன. அக்கார்டியன், பாங்கோ முதலிய மேனாட்டு வாத்தியங்களை இவர்கள் தயங்காது எடுத்தாண்டனர். ஆனால் இராகத்தின் சாயலைக் கைவிட்டாரில்லை. 1964-இல் வந்த ‘கர்ணன்’ படத்துக்கோ வடநாட்டு இராகங்களையும், சாரங்கி, செனாய் முதலிய வாத்தியங்களையும் அழைத்தனர். பண்டிதர் செவியும் பாமரர் செவியும் ஒரே பாட்டில் இன்புறுதல் எளிதன்று. அதனை இவர்கள் செய்து காட்டினர்.

1963-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் இவர்களுக்கு ‘மெல்லிசை மன்னர்கள்’ என்னும் பட்டம் அளிக்கப்பெற்றது. பன்மை விகுதியை நோக்குக. பட்டம் ஒன்று, பெற்றவர் இருவர். இரண்டாண்டுகள் கழித்து, 1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வெளிவந்தபின், இருவரும் பிரிந்தனர். இராமமூர்த்தி ‘சாது மிரண்டால்’, ‘நான்’, ‘தங்கச் சுரங்கம்’ முதலிய சில படங்களுக்குத் தனித்து இசையமைத்து, மெல்ல மறைவிற் சென்றார். விசுவநாதன் மேன்மேலும் ஓங்கினார். அவ்வளவில், பட்டத்தின் ‘கள்’ விகுதி உதிர்ந்தது; ‘மெல்லிசை மன்னர்’ என்பது ஒருவர்க்கே உரிய பெயராயிற்று. அதனினும் வருந்தத்தக்கது, 1952 முதல் 1965 வரை இருவர் கூடிச் செய்த பாடல்களையும் மக்கள் ஒருவர் பெயராலேயே வழங்கத் தலைப்பட்டமையாம்.

“பிரிந்தபின் ஓங்கியவரே முன்னும் உண்மையிற் பாடுபட்டவர், மற்றவர் துணை மாத்திரமே” என்பார் உளர். இவ்வாதம் பார்வைக்குப் பொருத்தமாகத் தோன்றினும் ஆராயுங்கால் நில்லாது. 1965-க்குப் பிந்திய வெற்றி, விசுவநாதனது பிற்காலத் திறமைக்குச் சான்று. அதற்கு முந்திய பாடல்களில் இராமமூர்த்தியின் பங்கு சிறிதென்பதற்கு அஃது எங்ஙனம் சான்றாகும்? ஒரு துறையில் நிலைத்து நிற்பதற்குப் பழகுந்திறமும், காலமும், வாய்ப்பும் வேண்டும். அவை இல்லாமையால் ஒருவர் பின்தங்கினாரெனின், அவர் முன்பு செய்த வேலை செய்யாததாகிவிடுமா?

இனி, “இன்ன பாட்டில் மெட்டு யாருடையது, வாத்திய அமைப்பு யாருடையது என்று பங்கிட்டுக் காட்டுக” என்பார்க்கு விடை யாதெனின், அங்ஙனம் பங்கிட இயலாமையே கூட்டுவேலையின் இலக்கணம் என்க. வயலுக்கு வரப்பிட்டுப் பாகம் பிரிக்கலாம். பாட்டுக்கு வரப்பு ஏது? ஒருவர் கூறியதை மற்றவர் மறுத்தமையாலேயே திருந்திய இடங்களும் உண்டன்றோ? அவற்றை யார் கணக்கில் எழுதுவது?

எம் ஊராகிய தம்மம்பட்டியின் மரச்சிற்பத் தொழில் இதனை நன்கு விளக்கும். மரத்தை அறுத்து உருவங்கூட்டுபவர் ஒருவராகவும், உளியும் கொட்டாப்புளியும் கொண்டு அணிகலனையும் கண்ணிமையையும் நுணுக்கிச் செதுக்குபவர் மற்றொருவராகவும் இருப்பதுண்டு. முடிந்த சிற்பத்தின் முன் நின்று, முகத்தைச் செதுக்கியவர்க்கே முழுப்புகழும் உரியது என்று எவரேனும் சொல்வரேல், பட்டறையிலுள்ளார் நகைப்பர். அச்சிற்பங்கட்கு வழங்கப்பெற்ற புவிசார் குறியீடும் ஒரு தனியாளின் பெயரால் அன்று, ஊரின் பெயராலேயே அமைந்தது. கூட்டாகச் செய்ததைக் கூட்டாகவே வழங்குதல் அரசாங்கச் சட்டத்துக்கும் உடன்பாடென்பது இதனாற் பெறப்படும்.

வடநாட்டிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1949-இல் ‘பர்சாத்’ படத்தால் இந்தித் திரையிசையிற் புகழ்பெற்ற சங்கர், ஜெய்கிஷன் இருவருள் ஜெய்கிஷன் 1971-இல் இறந்தார். எஞ்சிய சங்கர், 1987-இல் தாம் மறையுமட்டும் இரட்டைப் பெயராலேயே இசையமைத்து வந்தார். இறந்தவர் பெயரைக் காத்தது அவ்வழக்கம். இருந்தவர் பெயரையே மறந்தது நமது வழக்கம்.

நல்லவேளையாக, நம்மவர் வரலாறு பிரிவோடு முடியவில்லை. 1995-இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்தில் இருவரும் மீண்டும் இணைந்தனர். 2012-இல் இருவர்க்கும் ஒருங்கே ‘திரையிசைச் சக்கரவர்த்தி’ என்னும் பட்டம் சூட்டப்பெற்றது. 2013 ஏப்பிரலில் இராமமூர்த்தியும், 2015 சூலையில் விசுவநாதனும் காலமாயினர். தங்கள் வேற்றுமையை அவர்களே கடந்துவிட்டார்கள்; கேட்டு மகிழும் நாம் அதனைக் கடவாதிருப்பது முறையோ?

இதனால் விசுவநாதனது பெருமையைக் குறைக்க யாம் எண்ணினோமல்லேம். அவர்க்குத் தனியே உரியது மிகப் பெரிது. பிறர் பங்கும் சேர்ந்தால்தான் அது நிறையும் என்னும் வறுமை அவர்க்கு இல்லை.

மாணவ நண்பர்களே, நுங்களிடம் யாம் வேண்டுவது எளியதொன்றே. கல்லூரிக் கலைவிழாக்களிற் பழைய பாடல்களைப் பாடுகிறீர்கள். அறிவிக்குமுன், படத்தின் தொடக்கத்திற் காட்டப்பெறும் பெயர்களைப் பார்மின். அங்கே இருவர் பெயர் இருப்பின் இருவர் பெயரையும் சொல்லுமின். அதற்கு ஒரு நொடிக்கு மேற் செல்லாது. ஆய்வுக்கூடத்தில் இருவர் செய்த சோதனைக்கு ஒருவரே கையெழுத்திடுவதும், நால்வர் எழுதிய நாடகத்துக்கு ஒருவரே மாலை பெறுவதும், ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சியில் மாணவர் பெயர் விடுபடுவதும் இத்தவற்றின் கிளைகளேயாம். ஒருவரது உழைப்புக்கு நாம் செலவின்றி அளிக்கக்கூடிய கூலி அவர் பெயரைச் சொல்லுதலே. அதனையும் பாதியாக்கிக் கொடுத்தல் நமக்கு அழகன்று.