பாட்டிக்குத் தெரிந்த பாஷாணம்

போன மாதம் காலை நிகழ்ச்சியில் ஒரு நேயர் அழைத்தார். சிரம்பான்காரர், என் வயதுதான் இருக்கும். அவருடைய அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய். முதல் சிகிச்சை சரியாகக் கைகொடுக்கவில்லை. புதிய மருந்து ஒன்றின் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டு, டாக்டர் பதினைந்து பக்கத் தாளைக் கையில் கொடுத்திருக்கிறார். "எங்க அம்மாவை எலியா ஆக்கப் பார்க்கிறாங்களா, நீங்களே சொல்லுங்க" என்றார். குரல் உடைந்துவிட்டது. செய்திக்கு இன்னும் நாற்பது விநாடிதான் இருந்தது. ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தேன்.

அது பதிலே இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்வி எங்கள் வீட்டிலும் ஒரு தடவை வந்திருக்கிறது.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு, என் அத்தைக்கு அப்போது 41 வயது. பல் துலக்கினால் ஈறில் ரத்தம். தொடையிலும் கையிலும், எங்கும் இடித்துக்கொள்ளாமலே கருநீலத் திட்டுகள். ஒரு கிளினிக்கில் வைட்டமின் மாத்திரை கொடுத்து ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஐந்து நாள் கழித்து மூக்கில் ரத்தம் நிற்கவே இல்லை. அதன் பிறகுதான் ரத்தப் பரிசோதனை, அன்றிரவே ஆம்புலன்ஸ், கோலாலம்பூர் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனை. நோயின் பெயர் அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா. டாக்டர்கள் சுருக்கமாக ஏபிஎல் என்றார்கள்.

மறுநாள் எல்லோரும் வார்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம். டாக்டர் வந்து, வைட்டமின் ஏ-யிலிருந்து செய்த ஒரு மாத்திரையும் ஆர்சனிக் டிரிப்பும் கொடுக்கப் போவதாகச் சொன்னார். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் 'ஆர்சனிக்' என்ற சொல் மட்டும் காதில் விழுந்துவிட்டது.

விழாமல் இருக்குமா? ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், 60-களில், முதுகில் தோம்பைச் சுமந்து களைக்கு மருந்து அடித்தவர் அவர். அந்தக் காலத்தில் மலாயா தோட்டங்களில் லாலாங் புல்லைக் கொல்ல அடித்தது சோடியம் ஆர்சனைட். மருந்து அடித்த புல்லைத் தின்ற மாடு லயத்துக்குப் பின்னால் செத்துக் கிடந்ததைப் பாட்டி இன்றைக்கும் சொல்வார். "பாஷாணத்தையா என் பொண்ணுக்கு ஏத்தப் போறீங்க? சோதனை பண்ணிப் பார்க்க வேற ஆளே கிடைக்கலையா?" என்று நடைவழியிலேயே சத்தம் போட்டார்.

அந்த டாக்டர் நம்மவர். கோபப்படவில்லை. "பாட்டி, சோதனையெல்லாம் முடிஞ்சிருச்சு. வேலூர்ல நம்ம ஆளுங்களே பண்ணிட்டாங்க" என்றார். பாட்டி அப்படியே நின்றுவிட்டார். அவருடைய அப்பா கப்பலேறியது வட ஆற்காட்டிலிருந்து. வேலூர் அந்த மாவட்டத்தின் தலைநகரமாக இருந்தது.

டாக்டர் சொன்னது ஆறுதலுக்குச் சொன்ன பேச்சில்லை என்பதைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஏபிஎல் என்பது ரத்தப் புற்றுநோய்களிலேயே மிக வேகமாக ஆளைக் கொல்வது என்று பெயரெடுத்த நோய். 1957-ல் நார்வே மருத்துவர் ஹில்லஸ்டாட் இதை விவரித்தபோது, நோயாளிகள் சில வாரங்களே தாங்கினார்கள். வெள்ளணுக்கள் முதிராமல் பாதியில் நின்றுவிடும். ரத்தம் உறையும் வழியும் கெட்டுப்போகும். மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டால் கதை முடிந்தது. 1985-ல் ஷாங்காயில் டாக்டர் வாங் ஜென்யி, கீமோ பலிக்காத ஐந்து வயதுச் சிறுமிக்கு வைட்டமின் ஏ வழிவந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். பிழைத்துக்கொண்டாள். அந்த மருந்து புற்றணுவை அடித்துக் கொல்வதில்லை. பாதியில் நின்ற அணுவை முதிர வைக்கிறது. முதிர்ந்த அணு தன் ஆயுள் முடிந்து தானே மடிகிறது. வடக்கே ஹார்பின் நகரில், அதற்கும் முன்பே 70-களில், டாக்டர் ஜாங் திங்தோங் ஒரு நாட்டு வைத்தியரின் கலவையைப் பிரித்துப் பார்த்து, வேலை செய்வது அதிலுள்ள ஆர்சனிக்தான் என்று கண்டுபிடித்திருந்தார். நம் சித்த வைத்தியத்தில் வெள்ளைப் பாஷாணம் என்பார்களே, அதே ஆர்சனிக் டிரையாக்சைடு.

வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளில் பலருக்குக் கீமோவுக்கும் அதற்குப் பிந்திய செலவுக்கும் வழியில்லை. டாக்டர் விக்ரம் மேத்யூஸ், மாமன் சாண்டி, அலோக் ஸ்ரீவஸ்தவா ஆகியோர் இருந்த குழு, ஆர்சனிக்கை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்க்கத் துணிந்தது. 1998 முதல் 2004 வரை 72 பேர். 86 விழுக்காட்டினருக்கு, அதாவது 62 பேருக்கு, ரத்தத்தில் நோயின் அடையாளம் மறைந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தபோதும் 74 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள் என்பது கணக்கு. மருத்துவமனையிலேயே படுத்துக் கிடக்காமல் வந்து போய்ச் சிகிச்சை பெறவும் பெரும்பாலோரால் முடிந்தது. 2006-ல் இதன் முதல் முடிவு 'பிளட்' என்ற மருத்துவ இதழில் வந்தது. வசதியில்லை என்பதற்காகத் தொடங்கிய சிகிச்சையைப் பணக்கார நாடுகளும் உட்கார்ந்து படித்தன.

அடுத்த கட்டம் ஐரோப்பாவில். இத்தாலியிலும் ஜெர்மனியிலும், நோய் அவ்வளவு முற்றாதவர்களை ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வைட்டமின் ஏ மருந்தும் ஆர்சனிக்கும். மறுபாதிக்கு அதே வைட்டமின் ஏ மருந்தோடு வழக்கமான கீமோ. யாருக்கு எது என்பது குலுக்கல். 2013-ல் முடிவு வந்தது. இரண்டு ஆண்டு கழித்து நோய் திரும்பாமலும் வேறு தடங்கல் இல்லாமலும் இருந்தவர்கள், ஆர்சனிக் பக்கம் 97 விழுக்காடு, கீமோ பக்கம் 86.

எலி என்ற சொல்லைப் பற்றி இந்த இடத்தில்தான் எனக்கு யோசனை வந்தது. குலுக்கலில் 'பழைய, தெரிந்த' சிகிச்சை கிடைத்தவர்கள் அன்று பெருமூச்சு விட்டிருப்பார்கள். கடைசியில் பின்தங்கியது அவர்கள்தான். எது மேல் என்று டாக்டருக்கே தெரியாதபோதுதான் இப்படி ஓர் ஆய்வு நடத்தவே முடியும். தெரிந்துகொண்டே ஒருவருக்கு மட்டமானதைக் கொடுக்க எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. நேர்மாறாகவும் நடக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். புதிய மருந்து பலிக்காமல் போன ஆய்வுகள் ஏராளம். முதல் கட்ட ஆய்வு என்றால் எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்று பார்ப்பதுதான் முக்கிய நோக்கம். நோய் குணமாவது அதற்கு அப்புறம்.

ஏபிஎல் ஆராய்ச்சியும் முடிந்துவிடவில்லை. வெள்ளணு எண்ணிக்கை மிக அதிகமாக ஏறிவிட்ட ஆபத்தான நோயாளிகளை வைத்து 'அப்போலோ' என்ற ஐரோப்பிய ஆய்வு நடந்தது. அதிலும் ஆர்சனிக் சேர்ந்த பக்கம் 88 விழுக்காடு, கீமோ பக்கம் 71. ஹாங்காங்கிலும் சீனாவிலும் டிரிப் இல்லாமல் வாய்வழியாகவே ஆர்சனிக் கொடுக்கிறார்கள். அது பரவலானால் ரந்தாவிலிருந்தும் லாபுவிலிருந்தும் வாரத்தில் பல நாள் கோலாலம்பூருக்கு அலைய வேண்டியிருக்காது. எங்கள் மாமா அந்த மாதங்களில் டோலுக்கும் பெட்ரோலுக்கும் கட்டிய பணம் எனக்குத் தெரியும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பாஷாணம் தேடிக் கடைக்குப் போக வேண்டாம். இந்த ஒரு வகை ரத்தப் புற்றுநோயில்தான் ஆர்சனிக் இப்படி வேலை செய்கிறது. அதுவும் இதயத் துடிப்பையும் ரத்தத்திலுள்ள உப்புகளையும் ஓயாமல் அளந்துகொண்டே கொடுப்பார்கள். அத்தைக்கு இரண்டாவது வாரத்தில் மூச்சுத் திணறல் வந்து, மருந்தை நான்கு நாள் நிறுத்தி வைத்தார்கள். அந்த நான்கு நாளும் பாட்டி யாரோடும் பேசவில்லை.

இன்னொன்று. வேலூர் ஆனாலும் ஐரோப்பா ஆனாலும், ஏபிஎல் நோயில் உயிர் போவது பெரும்பாலும் முதல் சில நாட்களில், ரத்தக் கசிவால். காரணமில்லாத நீலத் திட்டு, ஈறில் ரத்தம், நிற்காத மூக்கு ரத்தம், இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே முழு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வைட்டமின் அப்புறம் சாப்பிடலாம்.

நேயரின் தொலைபேசி எண் நிலையத்தில் இருந்தது. போன வாரம் நானே கூப்பிட்டேன். அவருடைய அம்மாவுக்கு வந்திருப்பது வேறு வகை, ஏபிஎல் இல்லை. அதனால் சேருங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. டாக்டரிடம் கேட்கச் சில கேள்விகளை மட்டும் கொடுத்தேன். இது எத்தனையாவது கட்ட ஆய்வு? சேராவிட்டால் அம்மாவுக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? குலுக்கல் உண்டா? பக்க விளைவு வந்தால் செலவு யாருடையது? சுகாதார அமைச்சின் மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்திருக்கிறதா? கையெழுத்துப் போட்ட பிறகும் எந்த நாளிலும் விலகிக்கொள்ளலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது என்பதையும் சொன்னேன். தாளில் புரியாததைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றேன்.

"அம்மாகிட்டயே இன்னும் கேட்கல, சார்" என்றார் அவர். தாளை அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறாராம்.

முதலில் அதை எடுத்து அவரிடம் கொடுங்கள் என்றேன்.