கவனிக்கிற கைக்கும் ஓய்வு வேண்டாமா?

"மாமியாரைக் கொண்டுபோய் ஹோம்ல விட்டுட்டாளாம்" என்று பேச நாலு பேர் இருக்கிறார்கள். அதற்கு முன் அவள் எத்தனை வருஷம் ராத்திரி கண் விழித்தாள் என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

சேலையூர், சிட்லபாக்கம், முடிச்சூர் என்று எங்கே போனாலும் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருக்கிற வீட்டைப் பார்க்கலாம். பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். கவனிப்பது ஒரு பெண், அவளுக்கும் அறுபது நெருங்கியிருக்கும். என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து நாலு வருஷமாகிறது. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லாவிட்டால் முதுகில் புண். ஏஜென்சி அனுப்பிய ஆயாம்மா மூன்றாம் நாளே நின்றுவிட்டார். முன்பணம் போனது போனதுதான். மாமியார் மேல் எனக்குக் கோபமில்லை, பாவம். ஆனால் ஒரு வாரம் நான் படுத்துவிட்டால் அவரை யார் பார்ப்பது?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வருகிறார்கள். கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறந்தார்கள். இவையெல்லாம் நோயாளிக்கு. கவனிப்பவளுக்கு என்ன?

கேரளாவில் 'ஆஸ்வாசகிரணம்' திட்டத்தில், படுத்தவரைக் கவனிப்பவருக்கு என்றே மாதம் 600 ரூபாய் வைத்தார்கள். சின்னத் தொகைதான், ஆனாலும் அவள் பெயருக்கு. இங்கிலாந்தில் 1976-ல் இப்படி ஓர் உதவித்தொகை வந்தபோது, கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது என்றார்கள். அவள் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்ற நினைப்பு! தாயைக் கவனித்த ஜாக்குலின் டிரேக் என்ற பெண் கோர்ட்டுக்குப் போய் 1986-ல் ஜெயித்த பிறகுதான் அது மாறியது. நம் ஊரிலும் 2023-ல் மகளிர் உரிமைத்தொகை வந்தபோது, வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டு என்று அரசே ஒப்புக்கொண்டாயிற்று. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் பராமரிப்பாளர் படிக்கும் இடமிருக்கிறது. முதுமையில் படுத்தவர்களின் வீட்டுக்கும் அதை விரிக்க வேண்டும்.

பணத்தைவிட முக்கியம் ஓய்வு. மாசத்தில் நாலு நாள், பெரியவரை நம்பி விட்டுவிட்டு வர, தாம்பரத்திலேயே குறைந்த கட்டணத்தில் பத்துப் படுக்கை வேண்டும். 'நம்பி' என்ற வார்த்தைதான் இங்கே கஷ்டம். 2018-ல் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் ஓர் இல்லத்திலிருந்த முதியவர்களை அதிகாரிகள் வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். அதில் யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். ஊரே கூடிப் பேசின பிறகுதான் அதிகாரிகள் எட்டிப் பார்க்கணுமா? ஒவ்வொரு இல்லத்திலும் ராத்திரி நர்ஸ் உண்டா, எத்தனை பேருக்கு ஓர் ஆயா, கடைசியாக யார் வந்து பார்த்தார்கள் என்று வாசலிலேயே எழுதிப் போடட்டும். 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டம், ஆதரவற்ற 150 பேருக்கு மாவட்டத்துக்கு ஓர் இல்லம் 'அமைக்கலாம்' என்கிறது. அந்த 'லாம்' போய் 'வேண்டும்' வரணும்.

குழாய்த் தண்ணீருக்கும் தெருவிளக்குக்கும் கவுன்சிலரிடம் மனு கொடுக்கிறோமே, அடுத்த மனுவில் இந்தப் பத்துப் படுக்கையையும் சேர்த்து எழுதுவோம். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் இருப்பதையும் பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள்.

– ஒரு வாசகி, கிழக்கு தாம்பரம்.