சீனக் கார் என்று சிரிப்பவர்களுக்கும் கண்ணை மூடி வாங்குபவர்களுக்கும்



2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட நாளிலிருந்து ஊரில் இரண்டு பேச்சு. ஒன்று, "சைனா சாமான், தகர டப்பா". மற்றது, "விலை குறைவு, யோசிக்காம எடுங்க". இரண்டையும் நாம் ஏற்கவில்லை.

பிவைடி நிறுவனத்தின் 'சீகல்' என்ற சிறிய மின்சாரக் காரைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் சீனாவில் 73,800 யுவான் ஆரம்ப விலைக்கு வந்தது. 2024இல் பிரேசிலுக்கும் மெக்சிகோவுக்கும் 'டொல்பின் மினி' என்ற பெயரில் போனது. 2025இல் ஐரோப்பாவில் 'டொல்பின் சேர்ஃப்'. ஜேர்மனியில் ஆரம்ப விலை 22,990 யூரோ, அதாவது சீன விலையின் இரு மடங்குக்கும் மேல். வரி, கப்பல் செலவு என்பதோடு கதை முடியவில்லை. ஐரோப்பாவுக்குப் போன கார் சுமார் 20 சென்ரிமீற்றர் நீளம் கூடியது. தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி இல்லாத புதுக் காரை 2024 ஜூலைக்குப் பிறகு அங்கே விற்கவே முடியாது. யூரோ என்கெப் மோதல் சோதனையில் அது ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அங்குள்ள சட்டம் கேட்டது, கம்பனி கொடுத்தது.

கேட்காத இடத்தில் என்ன நடக்கும்? ஜீலி நிறுவனத்தின் 'பண்டா' சீனாவின் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. இங்கே 'மைக்ரோ பண்டா' என்று ஓடுவது அதுதான். அதே நிறுவனத்தின் 'சீகே' கார், எயார்பேக் இல்லாமல் இலத்தீன் அமெரிக்காவில் விற்கப்பட்டது. 2010 சோதனையில் அதற்குக் கிடைத்தது பூச்சியம்.

இது சீனாக்காரனின் குணம் என்று சொல்லிவிட வேண்டாம். எயார்பேக் இல்லாத இந்தியத் தயாரிப்பு மாருதி சுசுகி ஓல்ட்டோ 800, 2014இல் குளோபல் என்கெப் சோதனையில் வாங்கியதும் பூச்சியம்தான். அந்த ஓல்ட்டோவில் இருந்துகொண்டே சைனாக் காரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்!

ஆகவே எந்த நாட்டுக் கார் என்பதல்ல கேள்வி. எந்த நாட்டுக்காகச் செய்த கார் என்பதே கேள்வி. பெயரும் பெயின்ற்றும் ஒன்றாக இருக்கலாம், உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். வாகனத்தை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் ஏற்பாடு நம் நாட்டில் இல்லை. அதனால் வெளிநாட்டு நட்சத்திரத்தை விளம்பரத்தில் காட்டுபவரிடம், "இங்கே தரும் காரும் அதே காரா?" என்று கேட்பது நம் உரிமை.

எத்தனை எயார்பேக், தானியங்கிப் பிரேக் உண்டா, பற்றரிக்கு எத்தனை வருட உத்தரவாதம், அதை இங்கே யார் பொறுப்பேற்பது: இவற்றை எழுத்தில் தராதவரிடம் முற்பணம் கட்டாதீர்கள். விற்கும் நம் சகோதரர்களுக்கும் ஒன்று சொல்கிறோம். குறையை மறைத்து விற்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது, அது பழைய காருக்கு மட்டுமல்ல. அரசாங்கமும் இந்த விபரங்களை ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் ஒட்டச் சொல்லிச் சட்டமாக்க வேண்டும்.

ஐந்து, ஏழு வருட லீசிங் கட்டி வாங்கும் வாகனத்தின் பின்சீட்டில் இருக்கப்போவது நம் பிள்ளைகள். அவர்கள் நம்மிடமுள்ள அமானிதம்.

வாகனம் எடுக்க யோசிப்பவர்களுக்கு இதை அனுப்பிவிடுங்கள்.