யார் பெரிய ஆட்டக்காரர்? எக்ஸெல்லிடம் கேட்டேன்

எக்ஸெல் என்றதும் நம்மில் பலருக்கு ஆபீஸ் கணக்கும் மாதச் செலவுப் பட்டியலும்தான் நினைவுக்கு வரும். வீட்டுச் சண்டையைத் தீர்க்கவும் அது உதவுமா என்று சமீபத்தில் சோதித்துப் பார்த்தேன். தீர்ந்ததா இல்லையா என்பதைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அடையாறு காந்தி நகரில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சித்தப்பா தன் மகனுடன் வந்திருந்தார். தம்பிக்கு 11 வயது. செஸ் கிளாஸ் போகிறான். அன்றுதான் ஒரு போட்டி முடிந்திருந்தது. 9 ரவுண்டில் 3 பாயிண்ட். சித்தப்பா முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும்.

"ஒன்பதுக்கு மூணு! கார்ல்சனைப் பாரு. யார் வந்தாலும் அடிக்கிறான். ஆடினா அப்படி ஆடணும்" என்றார்.

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, அப்பா குறுக்கே வந்தார். "எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர்னா பிராட்மேன் ஒருத்தர்தான்டா. மத்தவங்க எல்லாம் அப்புறம்தான்."

அவ்வளவுதான். தட்டில் இருந்த பஜ்ஜி ஆறிப்போகும் வரை ஒரே வாக்குவாதம். தன் விளையாட்டை முழுசாக ஆண்ட ஆட்டக்காரர், சரித்திரத்திலேயே யார்? நான் இன்ஜினியரிங் படித்தவன். சாப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குபவன். எண்கள் இருக்கும்போது எதற்கு வாய்ச்சண்டை என்று லேப்டாப்பைத் திறந்தேன்.

முதல் காலம்: இடைவெளி

முதல் இடத்தில் இருப்பவருக்கும் அடுத்தவருக்கும் எவ்வளவு தூரம் என்று பார்ப்பதுதான் சுலபமான வழி. பிராட்மேன் 52 டெஸ்டில் எடுத்தது 6,996 ரன். அவுட் ஆனது 70 முறை. வகுத்துப் பாருங்கள், 99.94 வரும். 1948-இல் ஓவல் மைதானத்தில் கடைசி இன்னிங்ஸில் 4 ரன் எடுத்திருந்தால் சராசரி சரியாக 100 ஆகியிருக்கும். ஹோலிஸ் போட்ட பந்தில் பூஜ்யத்துக்கு அவுட். அவர் காலத்து ஜார்ஜ் ஹெட்லியும், பிறகு வந்த கிரீம் போலக்கும் கிட்டத்தட்ட 61-இல் நிற்கிறார்கள். கூட்டம் எல்லாம் முதல் மாடியில் இருக்கும்போது ஒருவர் மட்டும் மொட்டை மாடியில் நிற்கிற மாதிரி.

அப்பாவுக்குப் பரம சந்தோஷம். ஆனால் நான் அங்கே நிறுத்தவில்லை. எதிர் அணி வாரியாகப் பிரித்தேன். 52 டெஸ்டில் 37 இங்கிலாந்துக்கு எதிராக. தென்னாப்பிரிக்கா, வெஸ்ட் இண்டீஸ், இந்தியா ஆகிய மூன்றோடும் தலா 5. இங்கிலாந்துக்கு எதிராக அவர் சராசரி 89.78. 1947-48-இல் நம் அணியோடு ஆடியபோது 178.75!

"ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்றார் சித்தப்பா. அது கொஞ்சம் அநியாயம். 89.78 கூட வேறு யாருக்கும் எட்டாத உயரம்தான். ஆனாலும் சித்தப்பா சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. இடைவெளி என்பது நாம் எவ்வளவு உயரம் என்பதை மட்டும் காட்டுவதில்லை. பக்கத்தில் நிற்பவர் எவ்வளவு உயரம் என்பதையும் சேர்த்துத்தான் காட்டுகிறது.

இரண்டாவது காலம்: தோல்வி இல்லாத ஓட்டம்

சரி, எத்தனை நாள் தோற்காமல் இருந்தார் என்று பார்க்கலாமே? 400 மீட்டர் தடை ஓட்டத்தில் அமெரிக்காவின் எட்வின் மோசஸ் 1977 முதல் 1987 வரை தொடர்ந்து 122 ஓட்டங்களில் ஜெயித்தார். ஆஸ்திரேலியாவின் ஹெதர் மெக்கே 1962 முதல் 1977 வரை 16 முறை தொடர்ந்து பிரிட்டிஷ் ஓப்பன் ஸ்குவாஷ் பட்டம் வாங்கினார். சக்கர நாற்காலி டென்னிஸில் நெதர்லாந்தின் எஸ்தர் வெர்கீர் 2013-இல் ஓய்வு பெற்றபோது, ஒற்றையர் ஆட்டத்தில் தொடர்ந்து 470 வெற்றிகளோடு இருந்தார்.

இவர்களை ஒரே காலத்தில் அடுக்கி 'சார்ட்' பட்டனைக் கிளிக் செய்தால் 470 முதலில் நிற்கும். எக்ஸெல் மறுப்பு சொல்லாது. ஓட்டத்தையும் டென்னிஸையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று அது நம்மைக் கேட்காது. அதைக் கேட்க வேண்டியது நாம்.

நீங்களே செய்து பாருங்கள்

"செஸ்ஸுக்கு வாங்க அண்ணா. அதுல ரேட்டிங் இருக்கு" என்றான் தம்பி. நல்ல யோசனை. செஸ் ரேட்டிங் முறையை வகுத்தவர் ஆர்பட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர். உலக செஸ் சம்மேளனமான ஃபிடே 1970-இல் இதை ஏற்றுக்கொண்டது. இதன் உயிர்நாடி ஒரு சின்ன ஃபார்முலாதான். எக்ஸெல்லில் ஏ1 கட்டத்தில் உங்கள் ரேட்டிங், பி1 கட்டத்தில் எதிராளி ரேட்டிங் போடுங்கள். சி1-இல் இதை டைப் செய்து என்டர் தட்டுங்கள்:

=1/(1+10^((பி1-ஏ1)/400))

(ஏ, பி இரண்டையும் ஆங்கில எழுத்தாக அடிக்க வேண்டும்.) வருகிற விடைதான், ஓர் ஆட்டத்துக்கு உங்களிடம் எதிர்பார்க்கப்படும் பாயிண்ட். இருவரும் சமம் என்றால் 0.5 வரும். எதிராளி 200 அதிகம் என்றால் 0.24 மட்டுமே.

1972-இல் உலகப் பட்டத்துக்கு மோதியபோது பாபி ஃபிஷரின் ரேட்டிங் 2785, ஸ்பாஸ்கியுடையது 2660. 125 பாயிண்ட் இடைவெளி. ஃபார்முலா 0.67 என்கிறது. 2011 மார்ச்சில் நம் விஸ்வநாதன் ஆனந்த் 2817-உடன் உலகின் முதல் இடத்தில் இருந்தார். இரண்டாவது கார்ல்சன், 2815. வெறும் 2 பாயிண்ட்! போட்டால் 0.503 வருகிறது. கிட்டத்தட்ட பூவா தலையா.

"அப்புறம் 2013-ல நம்ம சென்னைக்கே வந்து கார்ல்சன் ஆனந்தை அடிச்சிட்டாரே" என்றான் தம்பி. உண்மைதான். ஆறரைக்கு மூன்றரை. அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரில் படிக்கவே மனசு வரவில்லை. கார்ல்சன் 2011 ஜூலையிலிருந்து முதல் இடத்தை விட்டு இறங்கவே இல்லை. 2014-இல் 2882 வரை போனார். இந்தக் கணக்குப்படி ஆனந்த் பெயரை எடுக்கவே முடியாது போலத் தோன்றியது.

மூன்றாவது காலம்: கூட்டம்

பிறகுதான் ஒன்று உறைத்தது. பிராட்மேன் விஷயத்தில் நமக்கு இருந்த சந்தேகம் என்ன? எதிரே ஆள் கூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான். அந்தச் சோதனை அவருக்கு நடக்கவில்லை. ஆனந்துக்கு நடந்தது.

அவர் ரேட்டிங்கில் இந்தியாவின் முதல் இடத்துக்கு வந்தது 1986 ஜூலையில். அந்த இடத்தை விட்டது 2023 செப்டம்பரில். முழுதாக 37 வருடம். 1988-இல் அவர் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இரண்டாமவர் திப்யேந்து பருவா வந்தது 1991-இல். மூன்றாமவர் பிரவீண் திப்சே, 1997-இல். ஆரம்பப் பத்து வருடம் இலுப்பைப்பூ கதைதான் என்று சித்தப்பா சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு? 2023-இல் கிராண்ட்மாஸ்டர்கள் 80 பேரைத் தாண்டிவிட்டார்கள். அதில் பெரிய பங்கு தமிழ்நாட்டுப் பிள்ளைகள். அவர் ஆடத் தொடங்கிய காலத்தில் புத்தகமும் நோட்டும்தான் துணை. பிறகு வந்தவர்கள் கையிலோ லேப்டாப், இன்டர்நெட், செஸ் இன்ஜின் எல்லாம் இருந்தன. இத்தனை பேர் துரத்தியும் 53 வயது வரை அந்த இடம் அசையவில்லை. நடுவில் 5 முறை உலகப் பட்டமும் வென்றார்.

கடைசியில் முந்தியவர் யார்? 2006-இல் சென்னையில் பிறந்த குகேஷ். ஆனந்த் முதல் இடத்துக்கு வந்தபோது அவர் பிறக்க இன்னும் 20 வருடம் இருந்தது. முந்தியது 4 பாயிண்டில், 2758-க்கு 2754. ஆனந்தே முன்னின்று 2020-இல் தொடங்கிய அகாடமியில் வழிகாட்டப்பட்டவர்களில் ஒருவர் அவர். 2024 டிசம்பரில், 18 வயதில் உலக சாம்பியன் ஆகிவிட்டார்.

எனவே என் ஓட்டு ஆனந்துக்கு. ஆள் இல்லாத மைதானத்தில் தொடங்கி, மைதானம் நிரம்பி வழிந்த பிறகும், நிரம்பியதற்கு தானே ஒரு காரணமாக இருந்தும், முதலில் நின்றார். ஒரு நாட்டுக்குள் ஒருவரின் ஆதிக்கத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆட்சேபணைகள் உண்டு. ஒன்று, இது இந்தியாவுக்குள் மட்டும்தானே? ஆமாம். உலக அளவில் கேட்டால் கார்ல்சனோ காஸ்பரோவோதான் முன்னால் நிற்பார்கள். இன்னொன்று, செஸ் ஒரு விளையாட்டா? இன்று மேஜர் தியான்சந்த் பெயரில் தரப்படும் கேல் ரத்னா விருதை, அது ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கிய 1991-92-இல், முதன்முதலாக வாங்கியவரே ஆனந்த்தான். மூன்றாவது நம் வாசகர்கள் கேட்கக்கூடியது. செல்போனில் ஓடும் இலவச ஸ்டாக்ஃபிஷ் புரோகிராம் இவர்கள் எல்லாரையும் தோற்கடிக்குமே? தோற்கடிக்கும். ஆனால் அதற்காக எந்த வீட்டிலும் பஜ்ஜி ஆறிப்போவதில்லை. தோற்றுவிடுவோமோ என்ற பயம் இல்லாதவர் ஜெயிப்பதில் நமக்கு என்ன சுவாரஸ்யம்?

ஒன்பதுக்கு மூன்று

லேப்டாப்பை மூடப் போனேன். தம்பி மெதுவாக, "அண்ணா, என்னோடதைப் போட முடியுமா?" என்றான். இன்னொரு விஷயமும் அப்போதுதான் தெரிந்தது. வருகிற வழியில் செஸ் கிளாஸை நிறுத்திவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறான்.

அவன் ரேட்டிங் 1450. அந்த 9 எதிராளிகளின் ரேட்டிங்கையும் வரிசையாக அடித்துச் சராசரி எடுத்தேன். 1600. ஃபார்முலாவில் போட்டதும் 0.30 வந்தது. 9 ஆட்டத்துக்குப் பெருக்கினால் 2.7. அவன் எடுத்ததோ 3! எதிர்பார்த்ததைவிட அதிகம். சிறுவர்களுக்கு ஃபிடே இந்த வித்தியாசத்தை 40-ஆல் பெருக்கும். ஆகவே அவன் ரேட்டிங் சுமார் 12 பாயிண்ட் ஏற வேண்டும். எந்தப் போட்டிக்காக வழியெல்லாம் திட்டு வாங்கினானோ, அந்தப் போட்டியில் அவன் முன்னேறித்தான் இருக்கிறான்.

சித்தப்பா திரையை இரண்டு முறை பார்த்தார். "கணக்கு சரிதானா? இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். அதே விடை. "அப்ப அந்த ஏழாவது ரவுண்டை மட்டும் ஒழுங்கா ஆடியிருந்தா..." என்று ஆரம்பித்தார். அம்மா காபி கொண்டுவந்ததால் பேச்சு நின்றது. கிளாஸை நிறுத்தும் பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை.

பிராட்மேனா, ஆனந்தா, கார்ல்சனா என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை. தீரவும் வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டிலும் மார்க்கும் ரேங்க்கும் வரும் நாள் உண்டு. அன்றைக்கு எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் குரலை உயர்த்தாதீர்கள். பக்கத்தில் இன்னொரு காலம் சேர்த்து, எதிரே நின்றது யார் என்றும் எழுதுங்கள். இரண்டு காலமும் நிரம்பிய பிறகு திட்டுவதா தட்டிக்கொடுப்பதா என்று முடிவு செய்யலாம்.